ஒரே படம் இரண்டு தடவை

சாலைக் கம்போளம் என்கிற கடைத்தெருவில் குடைக்கடை வைத்திருக்கும் யூசுப் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் தூங்கி யாரும் பார்த்ததில்லை. லுஹர் தொழுது, சாப்பிட்டு, ஒரு கார்டைச் செய்தித்தாளில் சுற்றித் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு ஸ்ரீவராகத்துக்கு நடந்துவிடுவார். அங்கே நண்பர் சேஷன் மாடி அறை ஜன்னலைத் திறந்துவைத்து, மேஜையைத் துடைத்து, உலகம் சுற்றத் தயாராக உட்கார்ந்திருப்பார்.

சேஷன் தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தாமாகப் போய்வந்த ஊர்களில் மிகத் தொலைவானது காசி. அங்கேயும் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. மற்றபடி நயாகரா அருவி, எகிப்தின் பிரமிடுகள், நார்வேயின் பனிமலை, ஜப்பானிய டீக்கடை எல்லாவற்றையும் அந்த மாடியிலிருந்தே பார்த்தவர். நூறு வருஷத்துக்கு முன்னால் வெள்ளைக்காரர்கள் ஊர் ஊராகப் போய் இரட்டை லென்ஸ் காமிராவில் எடுத்த படங்களைத்தான் அவர் சேர்த்துவைத்திருந்தார். கார்டு என்று அவர்கள் சொல்லும் நீளமான அட்டையில் ஒரே காட்சி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தடவை ஒட்டியிருக்கும். சும்மா பார்த்தால் இரண்டும் ஒன்று மாதிரிதான் தெரியும். ஆனால் ஒன்று இடது கண் பார்ப்பது, மற்றது வலது கண் பார்ப்பது. ஸ்டீரியோஸ்கோப் என்கிற மரக்கண்ணாடியில் அட்டையைச் செருகி இரண்டு கண்ணாலும் பார்த்தால், இரண்டு படமும் ஒன்றாகி உள்ளே ஆழமாகத் திறந்துகொள்ளும். முன்னால் இருக்கிற ஆள் முன்னால் நிற்பான். பின்னால் இருக்கிற மலை பின்னால் போய்விடும். சேஷனின் மனைவி விஜயம் முதல் தடவை பார்த்தபோது நயாகராவில் கையை நனைக்கப் போய் மேஜை மேலிருந்த மைப்புட்டியைத் தட்டிவிட்டாள்.

நண்பர்கள் இருவருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. அதற்கு அடுக்கு சொல்வது என்று பெயர். ஒருவர் கொண்டுவந்த கார்டை மற்றவர் கண்ணாடியில் பார்த்து, எது முன்னால், அதற்குப் பின்னால் எது, அதற்கும் பின்னால் எது என்று கிட்டத்திலிருந்து எட்டம் வரைக்கும் வரிசையாகச் சொல்ல வேண்டும். ஒரு அடுக்கு விட்டுப்போனால் தோற்றதாக அர்த்தம். தோற்றவருக்குத் தண்டனை கிடையாது. ஜெயித்தவர் அடுத்த ஞாயிறு வரைக்கும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார், அதுவே போதுமானதாக இருந்தது.

அன்றைக்கு யூசுப் கொஞ்சம் குறும்போடு வந்திருந்தார். கொல்லத்தில் பழைய சாமான் கடையில் கிடைத்த கார்டு. காயல் தண்ணீரில் ஒரு வள்ளம், அந்தப் படகைத் தள்ளுகிற வள்ளக்காரன், பின்னால் தென்னைகள், அதற்குப் பின்னால் ஒரு குன்று. எந்தக் காலத்திலோ எவனோ படங்கள் இரண்டையும் அட்டையிலிருந்து பிரித்து, திரும்ப ஒட்டும்போது இடதை வலமாகவும் வலதை இடமாகவும் ஒட்டிவைத்திருந்தான். அதைக் கண்ணாடியில் வைத்தால் உலகம் உள்வெளியாகத் திரும்பிவிடும். வானம் திரைச்சீலை மாதிரி மூக்குக்கு முன்னால் வந்து தொங்கும். வள்ளக்காரன் ஆள் வடிவத்தில் வெட்டின ஓட்டையாகக் குன்றுக்கும் அப்பால் கிடப்பான். முந்தின நாள் பார்த்துவிட்டு யூசுபுக்கே லேசாகக் குமட்டியது. சேஷன் சாமி என்ன அலறு அலறப்போகிறார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேதான் மாடிப்படி ஏறினார்.

“என்ன ஓய், மூஞ்சி ஒரு தினுசா இருக்கு? மழைக்கு முன்னாடியே குடையெல்லாம் வித்துப்போச்சா?” என்றார் சேஷன்.

“கார்டைப் பாருங்க சாமி. பேச்சு பொறகு.”

சேஷன் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். கண்ணாடியை முகத்திலிருந்து எடுக்காமலேயே சொல்ல ஆரம்பித்தார்.

“முதல்ல வள்ளம். அதுல நிக்கற ஆள் சித்த உள்ளே தள்ளி. அப்புறம் தண்ணி. அப்புறம் தென்னை, முன்வரிசை ஒண்ணு, பின்வரிசை ஒண்ணு. அதுக்கப்புறம் குன்று. கடைசியா வானம்.” கண்ணாடியை இறக்கினார். “நல்ல கார்டு ஓய். ஆழம் பிரமாதம். எங்கே பிடிச்சீர்?”

யூசுபின் சிரிப்பு பாதியில் நின்றது. சாமி திருப்பிக் கேலி செய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தார். சேஷன் முகத்தில் கேலி இல்லை. பரீட்சை தேறினவனின் திருப்தி இருந்தது.

“சரிதானே?” என்று கேட்டார் சேஷன்.

“சரிதான் சாமி,” என்றார் யூசுப். அந்த வீட்டில் அவர் சொன்ன முதல் பொய் அது.

விஜயம் காப்பி கொண்டுவந்தாள். யூசுபுக்கு உண்டானதை மேஜையில் வைத்தாள். கணவருக்கு உண்டானதை வைக்கவில்லை. அவர் கை டம்ளரைத் தேடிக் காற்றில் ஒரு முறை மூடித் திறந்து, பிறகு பிடித்துக்கொள்ளும் வரைக்கும் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாளும் யூசுபின் கண் முன்னால் நடந்த காரியம்தான். இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

போகும்போது விஜயம் கீழே சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

“கண்டுபிடிச்சுட்டேளா?” என்றாள் தணிந்த குரலில்.

“எதை மாமி?”

“உங்க முகத்தைப் பாத்தாலே தெரியறதே. இடது கண்ணுல நரம்பு அடைச்சுடுத்தாம். சித்திரை மாசத்துலேந்து. இனிமே வராதுன்னுட்டார் டாக்டர். காப்பி ஆத்தறச்சே டம்ளர் ஒரு பக்கம், டவரா ஒரு பக்கம். காப்பிக்கறை வேஷ்டி தினம் ஒண்ணு தோச்சேன். உங்ககிட்ட சொல்லப்படாதுன்னு சத்தியம் வாங்கிண்டிருக்கார்.”

“இப்பச் சொல்லிட்டீங்களே மாமி.”

“நான் எங்கே சொன்னேன்? நீங்களா கண்டுபிடிச்சேள். நான் விவரம்தான் சொன்னேன்.”

யூசுப் செருப்பைப் போடாமல் நின்றார். “எங்கிட்ட மறைக்க என்ன இருக்கு?”

“இந்தக் கண்ணாடியை உத்தேசிச்சுத்தானே நீங்க வரேள்? அடுக்கு சொல்ல முடியாதுன்னு தெரிஞ்சா, மரியாதைக்கு ரெண்டு வாரம் வந்துட்டு அப்புறம் நிறுத்திடுவேள்னு பயப்படறார். வேற யார் வரா எங்காத்துக்கு? புள்ளை கனடால. நீங்க தெரியாத மாதிரியே இருந்துடுங்கோ. புண்ணியமாப் போகும்.”

“இருக்கேன் மாமி,” என்றார் யூசுப்.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் விஷயம் முழுசாகப் புரிந்தது. சித்திரையிலிருந்து சாமி கண்ணால் அடுக்கு சொல்லவில்லை, மூளையால் சொல்லியிருக்கிறார். பெரிசாகத் தெரிவது கிட்டே, சின்னது எட்டே. ஒன்றை மறைத்துக்கொண்டு நிற்பது முன்னால், மங்கலாக இருப்பது பின்னால். நேரில் பார்க்காத பாலங்களின் கணக்கை முப்பது வருஷம் சரிபார்த்தவருக்கு இது ஒரு வேலையா? இதில் வேடிக்கை என்னவென்றால், சித்திரைக்கு அப்புறம்தான் அவர் அதிகமாக ஜெயித்திருக்கிறார்.

ஒருவர் மனம் நோகாமல் இருக்கச் சொல்கிற பொய்யும் பொய்க் கணக்கில்தான் சேருமா என்று பள்ளிவாசலில் இமாமிடம் கேட்கலாமா என்று யூசுப் யோசித்தார். பதில் என்னவாக இருக்கும் என்று தெரிந்ததால் கேட்கவில்லை. இஷா தொழுகைக்குப் பிறகு கொஞ்சம் கூடுதலாக இறைவனிடம் துஆ கேட்டுவிட்டு வந்து படுத்தார்.

அதற்கப்புறம் அவர் சுலபமான கார்டுகளாகவே பொறுக்கி எடுத்துப் போனார். முன்னால் யானை, பின்னால் மண்டபம். முன்னால் கப்பல், பின்னால் கரை. ஒற்றைக் கண்ணால் பார்த்தாலும் தப்பாத படங்கள். இரண்டு மூன்று ஞாயிறு சேஷன் பொறுத்துப் பார்த்தார்.

“என்ன ஓய், உம்ம ரசனை இப்படிப் போச்சு? காலண்டர் படம் மாதிரி கொண்டுவரீர். இதுல அடுக்கு சொல்லறதுக்கு என்ன இருக்கு? பால்வாடிக் குழந்தை சொல்லும்.”

“கைக்கு இதுதான் கெடைக்குது சாமி.”

“வயசாறது உமக்கு. கண்ணைக் காட்டும்.”

“காட்டுதேன் சாமி,” என்றார் யூசுப்.

கார்டு சேர்க்கிறவனுக்கு ரசனை போய்விட்டது என்பதைவிடப் பெரிய வசவு கிடையாது. யூசுப் அதைக் காப்பியோடு சேர்த்துக் குடித்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் மலைப்பக்கத்து வித்துராவிலிருந்து சேஷனுக்குப் போன் வந்தது. பேசியவள் ஜெபமலர். போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவள், அங்கே வேலை நின்ற பிறகு வித்துராவில் தையல் கடை போட்டிருப்பவள். ஒரு மலையாளப் பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில் எப்போதோ சேஷனைப் பற்றி ஒரு பக்கம் வந்திருந்தது. அதை வெட்டி வைத்திருந்தாளாம். அவளிடம் ஒரு பிஸ்கட் டின் நிறைய இரட்டைப் படங்கள் இருந்தன. எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது, காவலாளியாக இருந்த அவள் அப்பா அந்த டின் நல்ல டின் என்று எடுத்துவந்தார். படங்கள் உள்ளே இருந்ததால் கூட வந்துவிட்டன.

இப்போது பொன்முடி ரோட்டில் ஹோம்ஸ்டே நடத்தும் செல்வகணேஷ் என்பவர் அவற்றைக் கேட்கிறார். இரண்டும் ஒரே படம்தானே, நடுவில் வெட்டிச் சட்டம் போட்டு ஒன்றை இந்த அறையிலும் மற்றதை அந்த அறையிலும் மாட்டலாம் என்பது அவர் திட்டம். பதிலுக்கு அத்தனை அறைகளுக்கும் கர்ட்டன் தைக்கிற வேலையை ஜெபமலருக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

நடுவில் வெட்டுவது என்றதும் சேஷன் போனைப் பிடித்துக்கொண்டே எழுந்து நின்றுவிட்டார். மறுநாள் காலையே கிளம்ப வேண்டும் என்று யூசுபிடம் சொன்னார். யூசுபுக்கு இது சரியாகப் படவில்லை. ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு வேறு. ஒரு அந்நியப் பெண்ணின் சாமானைப் பார்த்து இது இன்னது என்று தீர்ப்பு சொல்வது வேறு. போக வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை. கடையை மருமகனிடம் ஒப்படைத்துவிட்டுக் கூடவே கிளம்பினார்.

நெடுமங்காடு தாண்டியதும் பஸ் ஏறுவதும் வளைவதுமாகப் போயிற்று. வித்துராவில் இறங்கியபோது லுஹர் நேரம். யூசுப் பள்ளிவாசலுக்குள் போய்வரும் வரைக்கும் சேஷன் வெளியே அவருடைய செருப்பையும் குடையையும் காவல் காத்துக்கொண்டு நின்றார். உள்ளே யூசுப் கேட்டது இதுதான்: அந்தப் பொம்பளைக்கு நஷ்டம் வரக் கூடாது, சாமிக்கு அவமானம் வரக் கூடாது, நான் பொய்யும் சொல்லக் கூடாது. மூன்றையும் சேர்த்துக் கேட்பது பேராசையோ என்று தோன்றியது. ஆனாலும் ஒன்றையும் விட மனம் வரவில்லை.

ஜெபமலரின் கடை, வீட்டின் முன்னறைதான். ஒரு தையல் மிஷின், ஒரு கட்டிங் மேஜை, சுவரில் அந்தோணியார். நாற்பதைத் தாண்டிய, சளசளவென்று பேசாத பெண். கழுத்தில் மாலை மாதிரி டேப் தொங்கியது. டின்னைத் திறந்து மேஜையில் வைத்தாள்.

“சாரே, எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் அறியணும். இது அசலா, சும்மா காப்பியா? காப்பின்னா வெட்டிக்கிடட்டும். அசல்னா விடமாட்டேன். கர்ட்டன் போனாப் போகட்டும். ஒருத்தன் அத்தனை பாடுபட்டு எடுத்ததைக் கத்திரி போட்டுட்டு, அதுல நான் சம்பாதிக்க வேண்டாம், கேட்டோ.”

“நியாயமான பேச்சு,” என்றார் சேஷன். தம் ஸ்டீரியோஸ்கோப்பைப் பையிலிருந்து எடுத்து, முதல் அட்டையைச் செருகிப் பார்த்தார். இரண்டாவதையும் பார்த்தார். அட்டையைத் திருப்பினார். விளிம்பை நகத்தால் சுரண்டினார். முகர்ந்துகூடப் பார்த்தார். யூசுப் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மனிதர் தமக்குத் தெரியாத இடத்தைத் தெரிந்த காகிதங்களால் மூடுகிற முகம் அது.

“கம்பெனிப் பேர் இல்லை,” என்றார் சேஷன். “தேயிலைப் பெட்டி அட்டையைக் கையால வெட்டியிருக்கான். ஓரம் எல்லாம் கோணல். அசல் கார்டுல இப்படி இருக்காது. யாரோ பொழுதுபோகாம ஒரு படத்தை ரெண்டு பிரிண்ட் போட்டுப் பக்கத்துல பக்கத்துல ஒட்டியிருக்கான். உள்ளே ஆழம் கிடையாதும்மா. தட்டை. தாராளமாக் குடுக்கலாம்.”

ஜெபமலர் பெருமூச்சு விட்டாள். “அப்ப நல்லதாப் போச்சு. அவருக்குப் போன் பண்ணிடறேன்.”

“ஒரு நிமிஷம்மா,” என்றார் யூசுப். “இவ்வளவு தூரம் வந்தாச்சு. நானும் ஒண்ணு பாத்துக்கிடுதேன்.”

பிஸ்மில்லா சொல்லிக் கண்ணாடியை முகத்தில் வைத்தார். ஒரு கணம் இரண்டு படம். பிறகு அவை ஒன்றின்மேல் ஒன்று நகர்ந்து பொருந்தின, அவ்வளவுதான், யூசுபின் காலுக்குக் கீழே தரை சரிந்தது. மலைச்சரிவு. மூக்கின் அருகே ஒரு தேயிலைக் கிளை, இலை நுனியில் தண்ணீர். அதற்கு அப்பால் கொழுந்து பறிக்கிற பெண்கள், முதுகில் கூடை, ஒருத்திக்குக் கீழே ஒருத்தியாகச் சரிவில் இறங்கிக்கொண்டே போனார்கள். கடைசிப் பெண்ணுக்கு அப்பால் பள்ளம். பள்ளத்துக்குள் மேகம். மேகத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு மலை. இத்தனை வருஷம் பார்த்த எந்தக் கம்பெனிக் கார்டிலும் இப்படி ஓர் ஆழத்தை அவர் பார்த்ததில்லை. அடுத்த அட்டையில் குற்றாலத்து அருவி, சாரல் முகத்தில் அடிக்கிற மாதிரி. அதற்கடுத்தது தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறக்கிய பெட்டிகள். யாரோ ஒரு துரை தூத்துக்குடியில் இறங்கிப் போனக்காட்டுக்கு வந்து சேர்ந்த பயணத்தைத் தானே எடுத்து, தானே கழுவி, தானே அட்டை வெட்டி ஒட்டியிருக்கிறான். உலகத்தில் வேறு பிரதி கிடையாது.

யூசுப் கண்ணாடியை இறக்கினார். ஜெபமலர் போனில் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தாள்.

“சாமி, இங்க வெளிச்சம் பத்தலையோ? வாசப்பக்கம் வச்சு ஒருக்கா பாருங்களேன்.”

சேஷன் வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “வெளிச்சத்துல வச்சா தட்டை உருண்டையாயிடுமா ஓய்?”

“லென்ஸ்ல தூசி இருக்கும்.” யூசுப் சட்டை நுனியால் இரண்டு லென்ஸையும் துடைத்தார். சேஷன் திரும்பப் பார்த்தார்.

“தூசி இல்லை. எனக்கு இப்போ சந்தேகம் உம்ம பேர்லதான். காலண்டர் படமாப் பாத்துப் பாத்து எல்லாம் உமக்கு அசலாத் தெரியறது.”

“ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகலியோ?” என்றாள் ஜெபமலர், போனைக் காதில் வைத்துக்கொண்டே.

“பதினஞ்சு வருஷமா ஒத்துப்போனதில்லைம்மா. அதனாலதான் பொழுது போறது.”

மறுமுனையில் மணி அடிக்கிற சத்தம் யூசுபுக்கே கேட்டது. எடுத்து, வந்து கொண்டுபோங்கள் என்று இவள் சொல்லிவிட்டால் முடிந்தது. சாமிக்குக் கண் தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் தடுத்துவிடலாம். அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தும்விட்டது. அப்போதுதான் ஜெபமலரின் கழுத்தில் தொங்கிய டேப் கண்ணில் பட்டது.

“போனை வையும்மா. அந்த டேப்பைத் தா.”

அவசரத்தில் அவர் குரல் அதட்டலாக வந்துவிட்டது. அவள் போனை வைத்துவிட்டு டேப்பைக் கழற்றிக் கொடுத்தாள்.

“சாமி, ஒரே படத்தை ரெண்டு பிரிண்ட் போட்டு ஒட்டியிருந்தா, ரெண்டுலயும் எல்லாம் ஒரே அளவா இருக்கணும், இல்லியா? இந்தக் கெளையோட நுனியிலேர்ந்து அந்தா மலையில இருக்க ஒத்தை மரம் வரைக்கும் இடது படத்துல எவ்வளவு, வலது படத்துல எவ்வளவு? ரெண்டு லென்ஸால எடுத்ததுன்னா கிட்டத்துல உள்ளது கொஞ்சம் நகர்ந்து இருக்கும், அளவு மாறும். எனக்குச் சின்னக் கோடு தெரியாது. நீங்கதான் ஆடிட்டு. அளந்து சொல்லுங்க.”

சேஷனுக்குக் கணக்கு என்றால் மறுக்கத் தெரியாது. அட்டையை மேஜையில் வைத்து, டேப்பைப் பிடித்து, குனிந்து, இடது கண்ணை மூடிக்கொண்டார். அளக்கிறவன் ஒரு கண்ணை மூடுவது எல்லா ஊரிலும் உள்ள பழக்கம். அதற்காக யாரும் யாரையும் ஒன்றும் கேட்பதில்லை.

இடது படத்தை அளந்தார். வலது படத்தை அளந்தார். மறுபடி இடதை அளந்தார். அடுத்த அட்டையை எடுத்து, அருவிக்கு முன்னால் நின்ற ஆளின் தொப்பியிலிருந்து பின்னாலிருந்த பாறை வரை அளந்தார். அதற்கடுத்ததையும் எடுத்தார். அந்த நேரத்தில் செல்வகணேஷ் திருப்பி அழைத்தார். ஜெபமலர் எடுக்கவில்லை.

சேஷன் நிமிர்ந்து டேப்பை மெதுவாகச் சுருட்டினார். சுருட்டிக்கொண்டே யூசுபைப் பார்த்தார். யூசுப் சுவரில் இருந்த அந்தோணியாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மா,” என்றார் சேஷன், “நான் சொன்னது தப்பு. இது அசல். கம்பெனிக் கார்டைவிட உசத்தி. வேற எங்கேயும் கிடைக்காது. குடுத்துடாதே.”

ஜெபமலர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கள்ளமில்லாமல்தான் கேட்டாள். “அது எப்படி சாரே, டேப்புல தெரிஞ்சது கண்ணாடியில தெரியாமப் போச்சு?”

“லென்ஸ் அப்படித்தாம்மா,” என்று யூசுப் ஆரம்பித்தார். சேஷன் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

“லென்ஸ் நன்னாத்தான் இருக்கு. எனக்கு இடது கண் தெரியாது. சித்திரை மாசத்துலேந்து. இதுல பாத்தா எனக்கு எல்லாமே தட்டைதான். அதைச் சொல்லாம, தெரிஞ்ச மாதிரி உனக்குத் தீர்ப்பு சொல்லிட்டேன். அது மகா பாவம்.”

“அப்படியா சாமி?” என்றார் யூசுப். விஜயத்துக்குக் கொடுத்த வாக்கை மனதில் வைத்துக்கொண்டு, கண்ணை அகல விரித்து, வாயைத் திறந்து, கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

“நடிக்காதேயும் ஓய். உமக்கு வரலை.”

ஜெபமலர் டேப்பைத் திரும்பக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. கடைசியில், “ஒரு கண்ணுதானே சாரே. நம்ம மிஷினுக்கு ஊசியே ஒண்ணுதான்,” என்றாள்.

சேஷன் சிரித்தார். அந்த வருஷத்தில் அவர் சத்தமாகச் சிரித்து யூசுப் கேட்டது அப்போதுதான்.

ஜெபமலர் இந்தப் படங்களைக் கண்ணாடியில் பார்த்ததே இல்லை. டின்னோடு கண்ணாடி வரவில்லை. யூசுப் தேயிலைத் தோட்டத்துக் கார்டைச் செருகிக் கொடுத்தார். “யம்மா!” என்று அவள் தலையைப் பின்னுக்கு இழுத்தாள். திரும்ப மெல்ல வைத்துப் பார்த்தாள். பிறகு கண்ணாடியைக் கீழே வைக்கவே இல்லை.

“ரெண்டாமத்தவ முதுகுல கட்டின சாக்குல ஒட்டுப் போட்டிருக்கு சாரே. கோணத் தையல். அவசரத்துல தச்சிருக்கா.”

“எங்கே?” என்றார் சேஷன். நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். “எவ்வளவு உள்ளே?”

“முன்னாடி உள்ள கெளையில இருந்து ஒரு ரெண்டு முழம் உள்ளே. அவளுக்குக் கீழ உள்ளவ ரொம்பத் தாழத்துல நிக்கிறா. வழுக்கினா அந்தப் பள்ளத்துலதான் போய் விழணும்.”

“மேகம்?”

“மேகம் அவ காலுக்குக் கீழ, சாரே.”

சேஷன் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

செல்வகணேஷ் மறுபடி அழைத்தபோது யூசுப் போனை வாங்கிப் பேசினார். வெட்டின அட்டை சின்னதாகத்தான் இருக்கும், டவுனில் ஸ்டுடியோவில் கொடுத்தால் இதிலிருந்து சுவர் அளவுக்குப் பெரிசாகப் படம் எடுத்துத் தருவார்கள் என்றார். “பெரிசாவா? அப்ப அதுவே மதி, போதும்,” என்றார் செல்வகணேஷ். வெட்டுவதில் அவருக்குத் தனியாகப் பிரியம் ஒன்றும் இருக்கவில்லை. கர்ட்டனுக்கு அளவெடுக்க ஜெபமலரைத் திங்கட்கிழமை வரச் சொன்னார். இத்தனை சின்ன விஷயத்துக்கு இத்தனை பெரிய கவலைப்பட்டோமே என்று யூசுபுக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. ஆண்டவன் மூன்றையும் சேர்த்துத் தருவான் என்று அவர் முழுசாக நம்பியிருக்கவில்லை என்பதுதான் உண்மை.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. சேஷன் ஜன்னலோரம் உட்கார்ந்தார். பஸ் நெடுமங்காட்டைத் தாண்டியது.

“விஜயம் சொல்லிட்டாளா?” என்றார் திடீரென்று.

“மாமி சொல்லலை சாமி. விவரம்தான் சொன்னாங்க.”

சேஷன் தலையாட்டினார். “அப்போ அந்த யானை, கப்பல் எல்லாம் எனக்காகத்தானா?”

யூசுப் குடையை மடியில் சரிசெய்துகொண்டார்.

“நான் உம்ம ரசனையைப் பத்திக் கன்னாபின்னான்னு பேசினேன்.”

“பேசினீங்க.”

“ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லலையே நீர்.”

“யானை நல்ல யானைதான் சாமி.”

பேரூர்க்கடை வந்தது. நாலைந்து பேர் ஏறினார்கள், இறங்கினார்கள். சேஷன் வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார். “இனிமே நீர் எதுக்கு வரணும்? எனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே.”

“ஞாயித்துக்கெழமை கடை லீவு,” என்றார் யூசுப். “வேற எங்க போக?”

“இது ஒரு காரணமா ஓய்?”

“இதைவிட நல்ல காரணம் எங்கிட்ட இல்ல சாமி. வேணும்னா யோசிச்சுட்டு வந்து சொல்லுதேன்.”

கிழக்கேகோட்டையில் இறங்கும்போது விளக்கு போட்டுவிட்டார்கள். யூசுப் முதலில் இறங்கி நின்றார். பஸ் படி உயரம். கண்டக்டர் “வேகம் இறங்ஙு சேட்டா” என்று அவசரப்படுத்தி மணிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். சேஷன் படியில் ஒரு காலை வைத்து, பிடித்துக்கொள்ள யூசுபின் தோளை நோக்கிக் கையை நீட்டினார். கை ஒரு சாண் தள்ளி வெறும் காற்றுக்குப் போயிற்று.

யூசுப் ஒரு சாண் நகர்ந்து நின்றார். கை தோளில் வந்து விழுந்தது.